வைஃபை அணைந்திருக்கிறதா? இயங்குதளத்தின் ரேடியோ சுவிட்ச் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒரு மடிக்கணினியில் வைஃபை இயங்குகிறதா, அணைந்திருக்கிறதா என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் விடை சொல்லிவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அந்த விடையை நினைவில் வைத்துக்கொள்ள இயங்குதளத்துக்கு ஒரு பிட் (0 அல்லது 1) போதும், அதை மாற்றத் திரையில் ஒரு பொத்தான் போதும் என்று நிரல் எழுதுபவர்கள்கூட முதலில் நினைக்கிறார்கள். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் வைஃபை வராமல் இருப்பது, நேற்று அணைத்துவைத்த புளூடூத் இன்று காலையில் தானாக விழித்திருப்பது, ஒரு விசையை அழுத்தியதும் ரேடியோ ஒரு கணம் அணைந்து உடனே மறுபடி இயங்கிவிடுவது ஆகிய தொல்லைகள் பெரும்பாலும் இந்த ஒரு பிட் கணக்கிலிருந்து பிறப்பவை. ரேடியோவை யார் அணைத்தார், அதைத் திறக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற செய்தியை இயங்குதளம் தொலைத்துவிட்டால், அதன் பிறகு எத்தனை அழகான திரையை வரைந்தாலும் பயனில்லை.

இக்கட்டுரையில் ரேடியோ என்ற சொல் பாட்டும் செய்தியும் கேட்கும் பெட்டியைக் குறிக்காது. மின்காந்த அலைகளை அனுப்பவும் வாங்கவும் செய்கிற சில்லையும் அதனோடு இணைந்த ஆன்டெனாவையும் சேர்த்தே அது குறிக்கும். இன்றைய மடிக்கணினி ஒன்றில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் தனித்தனி ரேடியோக்கள் உண்டு. சிம் செருகும் வசதியுள்ள மாதிரியில் செல்பேசி வலைப்பின்னலுக்கென மூன்றாவதும் இருக்கும். விமானப் பயணத்தின்போதோ, மின்கலத்தைச் சேமிப்பதற்கோ, பாதுகாப்பு கருதியோ இவற்றை நிறுத்திவைக்க வேண்டிய தேவை எழுகிறது. அந்தத் தேவைக்காக இயங்குதளம் பயன்பாட்டு நிரல்களுக்குத் திறந்துவிடும் வாசலையே இங்கு இடைமுகம் என்கிறேன். எடுத்துக்காட்டாக லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் ஆர்எஃப்கில் என்னும் துணை அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். அதன் நிரல் எல்லோரும் படிக்கத்தக்கது என்பது ஒரு காரணம். அது செய்த பிழைகளும் அவற்றைத் திருத்திய விதமும் வெளிப்படையாகப் பதிவாகியிருப்பது இன்னும் முக்கியமான காரணம்.

சுவிட்ச் எங்கே இருக்கிறது?

பழைய மடிக்கணினிகள் பலவற்றின் ஓரத்தில் நகர்த்துகிற வகையில் ஒரு சிறிய சுவிட்ச் இருந்தது. அதன் மின்கம்பி நேராக வைஃபை அட்டைக்கே சென்றது. மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை அட்டைகளில் 20-ஆவது முனை இதற்கென்றே ஒதுக்கப்பட்டது: அதில் மின்னழுத்தம் தாழ்ந்தால் அட்டை தன் ரேடியோவை நிறுத்திவிடும், அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவர் எவ்வளவு கேட்டாலும் திறக்காது. சுவிட்ச் பழுதானவர்கள் அந்த ஒரு முனையின் மேல் மெல்லிய ஒட்டுநாடாவை ஒட்டிப் பிழைத்துக்கொண்டதுண்டு. மென்பொருளால் மீற முடியாத தடையை ஒட்டுநாடாவால் மீற முடிந்தது என்பதிலிருந்தே, அந்தத் தடை எந்த அடுக்கில் உட்கார்ந்திருந்தது என்பது விளங்கும்.

பின்னர் வந்த கணினிகளில் நகர்த்தும் சுவிட்சின் இடத்தை விசைப்பலகையின் ஒரு விசை பிடித்துக்கொண்டது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஆனால் சுவிட்சுக்கு ஒரு நிலை உண்டு, விசைக்கு நிலை கிடையாது. சுவிட்சைப் பார்த்தாலே அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியும், கணினி அணைந்திருக்கும்போதும் அந்த நிலை மாறாது. விசையோ அழுத்தப்பட்ட கணத்தை மட்டுமே அறிவிக்கும். அந்த அழுத்தத்துக்கு என்ன பொருள் என்பதை வேறு யாராவது தீர்மானிக்க வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இவ்விரண்டையும் வெவ்வேறு வகை உள்ளீடுகளாகப் பிரித்தே வைத்திருக்கிறது.

இவை தவிர, திரையிலுள்ள பொத்தானும், கணினி தொடங்கும்போது இயங்கும் ஃபர்ம்வேரின் அமைப்புப் பக்கமும், பின்னணியில் ஓடும் மின்சேமிப்பு நிரலும் அதே ரேடியோவை அணைக்க வல்லவை. ஒரு விளக்குக்கு ஐந்து சுவிட்சுகள் இருப்பதைப் போன்ற நிலைமை இது. ஐந்தும் சம அதிகாரம் கொண்டவையல்ல என்பதுதான் சிக்கல்.

மென்தடையும் வன்தடையும்

இந்தச் சிக்கலுக்கு ஆர்எஃப்கில் கண்ட தீர்வு, தடைகளை இரண்டாகப் பிரித்தது. மென்பொருளால் இடவும் எடுக்கவும் கூடியதை மென்தடை என்றும், மென்பொருளால் எடுக்கவே முடியாததை வன்தடை என்றும் தமிழில் சொல்லலாம். மென்தடை என்பது பயனரின் விருப்பத்தைப் பதிந்துவைக்கும் குறிப்பு. அதைப் படிக்கலாம், எழுதலாம். வன்தடை என்பது வன்பொருள் தெரிவிக்கும் உண்மை நிலவரம். அதைப் படிக்க மட்டுமே முடியும். ரேடியோ இயங்க வேண்டுமானால் இரண்டு தடைகளும் நீங்கியிருக்க வேண்டும்.

இரண்டு பிட்கள் என்றால் நான்கு நிலைகள் உண்டு. ஆனால் 2007-இல் லினக்ஸில் ஆர்எஃப்கில் இடம்பெற்றபோது, ஒவ்வொரு ரேடியோவின் நிலையையும் காட்டுவதற்கு, கெர்னல் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் அடைவில் ஒரே ஒரு கோப்புதான் வைக்கப்பட்டது. அதில் 0 என்றால் மென்தடை, 1 என்றால் தடையில்லை, 2 என்றால் வன்தடை என்று பின்னர் பொருள் வகுத்தார்கள். இரண்டு தடைகளும் ஒருசேர இருக்கும் நான்காவது நிலைக்கு அந்தக் கோப்பில் இடமே இல்லை. அது எவ்வளவு பெரிய குறை என்பதை ஒரு நிகழ்வைக் கற்பனை செய்து பார்த்தால் புரியும். ஒருவர் ஓரச் சுவிட்சை மூடுகிறார். கோப்பு 2 என்று காட்டுகிறது. பிறகு திரையில் போய் வைஃபையை அணைக்கவும் செய்கிறார். கோப்பு அப்போதும் 2 என்றே காட்டுகிறது. அவருடைய இரண்டாவது செயல் எங்கும் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து ஓரச் சுவிட்சைத் திறக்கிறார். வைஃபை வர வேண்டுமா, வரக்கூடாதா? வரக்கூடாது என்பதுதான் சரியான விடை, ஏனெனில் அவர் கடைசியாகத் தெரிவித்த விருப்பம் அணைப்பதாகவே இருந்தது. ஒரே எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நிரலுக்கு இது விளங்கவே விளங்காது.

2010-இல் வெளிவந்த கெர்னலின் 2.6.34 பதிப்பில் மென்தடைக்கு ஒரு கோப்பும் வன்தடைக்கு ஒரு கோப்பும் தனித்தனியாகச் சேர்க்கப்பட்டன. பழைய கோப்பு கைவிடத்தக்கது என்று ஆவணத்தில் குறிக்கப்பட்டது. இன்று ஆர்எஃப்கில் கட்டளையைக் கொடுத்துப் பட்டியல் கேட்டால், ஒவ்வொரு ரேடியோவின் கீழும் இரண்டு வரிகள் வருவது இதனால்தான்.

இதில் நுட்பமான ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. வன்தடை நிலவும்போது ஒரு நிரல் மென்தடையை எடுக்கும்படி கேட்டால், பிழை என்று திருப்பி அனுப்புவதா, ஏற்றுக்கொள்வதா? ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே லினக்ஸின் முடிவு. டிரைவர் எழுதுவோருக்கான குறிப்பிலும், வன்தடை இருக்கும்போது இத்தகைய வேண்டுகோளைப் பொருட்படுத்தாமல் வெற்றி என்றே திருப்பச் சொல்லியிருக்கிறார்கள். ரேடியோ இயங்கவில்லையே, பிறகு எப்படி வெற்றி என்று முதலில் உறுத்தும். கேட்கப்பட்டது ரேடியோவை இயக்கும்படி அல்ல, விருப்பத்தைப் பதியும்படிதான் என்று எண்ணிப்பார்த்தால் உறுத்தல் தீர்ந்துவிடும். என் கருத்தில் இந்த இடைமுகத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

அணைப்பு என்றால் என்ன?

இந்தச் சொல்லிலும் ஒரு தெளிவு வேண்டும். ஆர்எஃப்கிலின் நோக்கம் அலைகளை அனுப்பாமல் தடுப்பது. சில்லுக்கு மின்சாரத்தை நிறுத்துவது அதன் கடமையன்று, சில டிரைவர்கள் அதையும் சேர்த்துச் செய்யலாம். ஜிபிஎஸ் அலைகளை வாங்க மட்டுமே செய்யும், அனுப்பாது. ஆயினும் ஆர்எஃப்கிலின் வகைப் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் உண்டு என்பது வேடிக்கைதான். செல்பேசிகளில் இச்சொல்லின் பொருள் மேலும் நெகிழ்ந்துவிட்டது. ஐஓஎஸ் 11 முதல் கட்டுப்பாட்டு மையத்திலுள்ள வைஃபை பொத்தான், சேர்ந்திருக்கும் வலைப்பின்னலிலிருந்து விலகச் செய்யுமே தவிர ரேடியோவை அணைக்காது. மறுநாள் காலை 5 மணிக்குப் பழைய நிலை திரும்பிவிடும். ஆண்ட்ராய்டில் வைஃபை அணைந்திருந்தாலும் இருப்பிடம் கணிக்க அருகிலுள்ள வலைப்பின்னல்களைத் தேடிப் பார்க்க அனுமதிக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. இவற்றில் தவறில்லை. ஆனால் வலைப்பின்னலை விட்டு விலகுவதற்கும் ரேடியோவை நிறுத்துவதற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிற இடைமுகம், அலை எதுவும் வெளியேறக் கூடாது என்று கருதும் பயனரை ஏமாற்றிவிடும். அடித்தளத்திலுள்ள இடைமுகமாவது இந்த இரண்டையும் குழப்பாமல் இருக்க வேண்டும்.

ஒரு கோப்பு, எட்டு பைட்

சிஸ்எஃப்எஸ் கோப்புகளைப் படிப்பது எளிது. ஆனால் மாற்றத்தை உடனுக்குடன் அறிய அவை வசதியானவையல்ல. 2009-இல் கெர்னல் நிரலாளர் ஜொஹன்னஸ் பெர்க் ஆர்எஃப்கிலைத் திருத்தி எழுதியபோது, எல்லா ரேடியோக்களுக்கும் பொதுவாக ஒரே சாதனக் கோப்பு அமைந்தது. நிரல் அந்தக் கோப்பைத் திறந்து படித்தால் நிகழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதே கோப்பில் எழுதினால் அது கட்டளையாகும். ஒவ்வொரு நிகழ்வும் எட்டு பைட் நீளமுடையது. முதல் நான்கு பைட் ரேடியோவின் வரிசை எண். அடுத்தது வைஃபையா புளூடூத்தா என்னும் வகை. அதற்கடுத்தது நடந்தது என்ன என்னும் குறி. கடைசி இரண்டும் மென்தடை, வன்தடை.

நடந்ததைச் சொல்லும் குறிகள் நான்கே. புதிய ரேடியோ சேர்ந்தது, இருந்தது போயிற்று, ஒன்றின் நிலை மாறியது என்பன மூன்று. ஒரு வகையைச் சேர்ந்த அனைத்தையும் மாற்று என்பது நான்காவது. இந்த நான்காவது குறி வெறும் வசதிக்காகச் சேர்க்கப்பட்டது அன்று. பயனர் எல்லா ரேடியோக்களையும் அணைத்துவிட்டு, பிறகு யூஎஸ்பியில் ஒரு வைஃபை கருவியைச் செருகினால் என்ன ஆக வேண்டும்? ஒவ்வொன்றாகத் தேடி அணைக்கும் நிரலுக்கு அந்தப் புதிய கருவி முன்பு கண்ணில் பட்டிருக்காது. ஆகவே அது தடையின்றி இயங்கத் தொடங்கிவிடும். அனைத்தையும் மாற்று என்ற கட்டளையைக் கெர்னல் அந்த வகைக்கான பொது நிலையாகவே நினைவில் கொள்வதால், பின்னால் வந்து சேரும் கருவிக்கும் அதே தடை பொருந்தும்.

இன்னொரு நயமும் உண்டு. கோப்பைத் திறந்தவுடன், ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு ரேடியோவுக்கும் இப்போதுதான் சேர்ந்தது என்பதுபோல் ஒரு நிகழ்வைக் கெர்னல் அனுப்பிவிடுகிறது. முதலில் பட்டியலை வாங்கு, பிறகு மாற்றங்களைக் கவனி என்று இரண்டு வாசல்களாக அமைத்திருந்தால், அந்த இரண்டு செயல்களுக்கும் இடைப்பட்ட நொடியில் நடந்த மாற்றம் நிரலின் கண்ணில் படாமலே போய்விடும். நிகழ்வு அறிவிப்பு இடைமுகம் எதை வடிவமைப்பவரும் இந்த ஓட்டையை ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

கட்டளையை எழுதிய நிரலுக்கும் அதன் விளைவு நிகழ்வாகவே திரும்பி வரும். ஆகவே திரையில் பொத்தானை வரையும் நிரல், தான் கேட்டதை வைத்துப் படத்தை மாற்றாமல், வந்த நிகழ்வை வைத்தே மாற்றுவது நல்லது. எழுதும் உரிமை யாருக்கு என்பதை வழக்கமான கோப்பு உரிமைகளே பார்த்துக்கொள்கின்றன. வைஃபை வழியாகத் தொலைவிலிருந்து நுழைந்தவர் வைஃபையை அணைத்தால் தன் கிளையைத் தானே வெட்டிக்கொள்வார் என்பதால், கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டும் அந்த உரிமையைத் தருவது அறிவுடைமை.

விசை யாருடைய சொல்லைக் கேட்கும்?

விசைக்கு நிலை கிடையாது என்று மேலே பார்த்தோம். ஆகவே அது அழுத்தப்பட்டதும் யாரோ ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். சில கணினிகளில் ஃபர்ம்வேரே ரேடியோவை அணைத்துவிடும். சிலவற்றில் விசை எண் மட்டும் இயங்குதளத்துக்கு வந்து சேரும். இரண்டையும் செய்கிற கணினிகளும் உண்டு. மூன்றாவது வகையில்தான் அந்த விசித்திரம் நிகழ்கிறது: ஃபர்ம்வேர் அணைக்கிறது, விசை எண்ணைப் பார்த்த இயங்குதளம் நிலையைப் புரட்டுகிறது, ரேடியோ மறுபடி இயங்குகிறது. ஃபர்ம்வேரே செயலை முடித்துவிடும் கணினியில், டிரைவர் விசை எண்ணை மேலே அனுப்பாமல் விளைந்த நிலையை மட்டும் அறிவிக்க வேண்டும் என்ற விதி இதற்காகவே வந்தது.

மேலே வந்துசேர்ந்த விசையை யார் கையாள்வது என்பதிலும் போட்டி உண்டு. ஒன்றும் நிறுவப்படாத சிறிய கணினியிலும் விசை வேலை செய்ய வேண்டும் என்பதால் கெர்னலுக்குள்ளேயே எளிய கையாளி ஒன்று இருக்கிறது. ஆனால் சாளரங்களையும் பொத்தான்களையும் வரையும் முழுமையான மேசைத்தளம், விசையை அழுத்தினால் முதலில் வைஃபை, பிறகு புளூடூத், பிறகு இரண்டும் என்று தன் விருப்பப்படி சுழற்ற எண்ணலாம். அதற்காக அந்தச் சாதனக் கோப்பைத் திறந்து, விசையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு கட்டளையால் அறிவிக்க வழி வைத்திருக்கிறார்கள். கோப்பு திறந்திருக்கும் வரையில் கெர்னலின் கையாளி ஒதுங்கி நிற்கும். அந்த நிரல் முடிந்தாலோ முறிந்து விழுந்தாலோ கோப்பு தானாக மூடப்படும், கையாளியும் பொறுப்பை மீண்டும் ஏற்றுக்கொள்ளும். பொறுப்பைத் திருப்பித் தருவதற்கென்று தனிக் கட்டளை வைத்திருந்தால், முறிந்துபோன நிரல் அதை அனுப்பியிருக்காது, விசை செத்தே கிடக்கும்.

விமானப் பயன்முறையை அணைக்கும்போது எவை திரும்பி வர வேண்டும் என்பதும் இதே கொள்கைப் பிரிவைச் சேர்ந்த கேள்விதான். எல்லாமும் வருவதா, முன்பு இயங்கியவை மட்டுமா, எதுவுமே வராமல் பயனரின் கட்டளைக்குக் காத்திருப்பதா? கெர்னல் இந்த மூன்றையும் ஓர் அமைப்பு மாறியில் தேர்ந்தெடுக்க விட்டிருக்கிறது. முன்பு இயங்கியவற்றை மட்டும் மீட்பதே பெரும்பாலோருக்கு ஏற்றது என்பது என் எண்ணம்.

ஒரே ரேடியோவுக்கு இரண்டு பதிவுகள்

தொடக்கநிலையாளரை மிகவும் குழப்புவது இது. ஒரே ஒரு வைஃபை அட்டையுள்ள மடிக்கணினியில் பட்டியலைக் கேட்டால் வைஃபை என்ற வகையில் இரண்டு பதிவுகள் வரக்கூடும். ஒன்று அட்டையின் டிரைவர் பதிந்தது. மற்றது, மடிக்கணினியின் தாய்ப்பலகையைக் கவனிக்கும் டிரைவர் பதிந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டலாமே என்று தோன்றும், ஆனால் எந்தப் பதிவு எந்த அட்டையைக் கட்டுப்படுத்துகிறது என்று கெர்னலால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. புளூடூத்தில் இது இன்னும் வினோதமாகிறது: தாய்ப்பலகையின் பதிவில் தடையிட்டால் சில கணினிகளில் புளூடூத் சில்லே யூஎஸ்பி தடத்திலிருந்து கழற்றப்பட்டதுபோல் மறைந்துவிடும், அதனுடன் சில்லின் சொந்தப் பதிவும் பட்டியலிலிருந்து போய்விடும். ஆகவே புளூடூத் பதிவு இல்லை என்பதைக் கொண்டு கணினியில் புளூடூத் வசதியே இல்லை என்று ஒரு நிரல் முடிவுகட்டினால், அணைத்தவர் மீண்டும் இயக்கத் திரையில் பொத்தானே இருக்காது.

ஓரச் சுவிட்ச் இல்லாத மாதிரிகளில் ஃபர்ம்வேர் வன்தடை இருப்பதாகப் பொய்யாகத் தெரிவிப்பதும் நடந்திருக்கிறது. அத்தகைய மாதிரிகளின் பெயர்களைப் பட்டியலிட்டு, இவை சொல்வதை நம்பாதே என்று ஒரு டிரைவருக்குள்ளேயே எழுதிவைத்திருந்தார்கள். நேர்த்தியான தீர்வு இல்லைதான். பின்னர் அதைத் தலைகீழாக்கி, சுவிட்ச் உள்ள மாதிரிகளை மட்டுமே பட்டியலிட்டார்கள்.

ஒன்பதாவது பைட்

தடையிலிருக்கும் ரேடியோவை எழுப்ப முயலும் நிரலுக்குக் கெர்னல் 132 என்ற தனிப் பிழை எண்ணைத் திருப்புகிறது. அனுமதி இல்லை என்ற பொதுவான பிழையைத் தந்திருந்தால், பயனர் கடவுச்சொல்லையும் உரிமைகளையும் சோதித்துக்கொண்டிருப்பார். தனி எண் இருப்பதால், மென்தடை என்றால் இயக்கட்டுமா என்று கேட்கவும், வன்தடை என்றால் கணினியின் சுவிட்சைத் திறக்கும்படி சொல்லவும் முடிகிறது.

இந்த இரண்டாவது செய்தி பின்னாளில் பொய்த்துப்போயிற்று. நிறுவனங்களுக்கான சில கணினிகளில், இயங்குதளத்துக்குக் கீழே தனியாக இயங்கும் நிர்வாகச் செயலி வைஃபை அட்டையைத் தன் கையில் வைத்திருக்கக்கூடும். அப்போது அட்டை இயங்குதளத்துக்குக் கிடைக்காது. மென்பொருளால் திறக்க முடியாதது என்பதால் அது வன்தடையாகவே பதிவாகும். ஆனால் திறப்பதற்குச் சுவிட்ச் எதுவும் இல்லை. தடைக்குக் காரணம் மின்கம்பியில் வந்த குறியா, அட்டை வேறொருவர் கையில் இருப்பதா என்று சொல்வதற்காக நிகழ்வின் இறுதியில் ஒன்பதாவது பைட் ஒன்றைச் சேர்த்தார்கள்; 2021-இல் வெளிவந்த 5.11 பதிப்பில் அது இடம்பெற்றது.

ஒரே ஒரு பைட்தான். ஆனால் பரவலாகப் புழங்கும் ஒரு நிரல் அதனால் இரண்டு விதமாக முறிந்தது. அந்த நிரல், நிகழ்வின் அமைப்பை வரையறுக்கும் புதிய தலைப்புக் கோப்போடு மறுபடி தொகுக்கப்பட்டதும் ஒன்பது பைட் கேட்டது. புதிய கெர்னல் ஒன்பதும் கொடுத்தால், எட்டுத்தானே வர வேண்டும் என்று பிழை சொன்னது. எழுதும்போதும் ஒன்பது பைட் அனுப்பியது. பழைய கெர்னல் எட்டை மட்டும் ஏற்றுக்கொண்டால் அதையும் தோல்வி என்று கருதியது. எதிர்காலத்தில் நீளம் கூடலாம், நிரல்கள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதே வடிவமைத்தவர்களின் எண்ணம். ஆனால் பத்தாண்டுக்கு மேலாக நீளம் மாறவே இல்லை என்பதால், எட்டு என்பதே பலருக்கு விதியாகிவிட்டிருந்தது. அதே ஆண்டில் பழைய எட்டு பைட் அமைப்பையே இயல்பாக்கி, ஒன்பது பைட் அமைப்புக்கு வேறு பெயர் சூட்டினார்கள். புதியதை அறிந்த நிரல் அதைப் பெயர் சொல்லிக் கேட்டுப் பெறும். அறியாத நிரலுக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது.

அப்படிக் கேட்டுப் பெறும் நிரலால்தான் இன்று, வைஃபை அட்டை இப்போது நிர்வாகச் செயலியின் பொறுப்பில் இருக்கிறது என்று திரையில் எழுத முடிகிறது. கேட்காத நிரல் பழையபடி சுவிட்சைத் திறக்கவும் என்றுதான் எழுதும், பயனரும் மடிக்கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதில் இல்லாத சுவிட்சைத் தேடிக்கொண்டிருப்பார்.